இறக்கி வைக்காத சுமை

சென்ற மாதம் ஞாயிறு திருப்பலி முடிந்து கோயில் முற்றத்தில் நாம் நின்றுகொண்டிருந்தபோது, தாம்பரத்தில் ஆங்கில இலக்கியம் பயிலும் பங்கு மகள் ஒருத்தி ஒரு வினாவுடன் வந்தாள். உடன் வந்த தந்தையின் முகத்தில் கவலை தெரிந்தது.

"இவள் என்ன படிக்கிறாள் என்று கேளுங்கள் ஐயா. பூனையைக் கொன்றவன் கதை. முகத்திரையைக் கழற்ற மறுத்த போதகர் கதை. நள்ளிரவில் காட்டுக்குள் சாத்தானைச் சந்திக்கப் போனவன் கதை. இவற்றைப் படிக்கும் பிள்ளைகளின் மனம் இருண்டுபோகாதா?" என்றார் அவர்.

மகள் சிரித்தாள். "அப்பா கதைகளைச் சொல்கிறார். நான் கேட்க வந்தது வேறு, ஐயா. மனிதன் இயல்பிலேயே நல்லவன், அவனுக்குள்ளேயே தெய்வீகம் குடிகொண்டிருக்கிறது என்று ஒரு சாரார் எழுதினார்கள். இந்தக் கதைகளை எழுதியவர்கள் அதை மறுத்தார்கள். ஏன் மறுத்தார்கள் என்பதற்குத் தேர்வில் விடை எழுதிவிடுவேன். ஆனால் கத்தோலிக்கராகிய நாம் எந்தப் பக்கம் நிற்க வேண்டும்? அதைப் பாடநூல் சொல்லவில்லையே" என்றாள்.

நின்ற நிலையில் விடை சொல்லத்தக்க வினா அன்று அது. ஆகவே இம்மாதம் நம் பகுதியை அதற்கே ஒதுக்குகிறோம். இது கல்லூரி மாணவருக்கு மட்டும் உரிய செய்தி என்று பெற்றோர் பக்கத்தைப் புரட்டிவிட வேண்டாம். மனிதனைப் பற்றி நாம் கொண்டிருக்கும் கருத்தே, பிள்ளைகளை நாம் வளர்க்கும் முறையையும், நம் வீட்டில் வேலை செய்வோரை நடத்தும் விதத்தையும், பாவசங்கீர்த்தனத் தொட்டியை நாடிச் செல்வதையும் விலகிச் செல்வதையும் முடிவு செய்கிறது.

நிகழ்ச்சிகள் நடந்தது தொலைவான அமெரிக்காவில். ஆயினும் அதன் ஈரம் நம் சென்னைக் கரையையும் தொட்டிருக்கிறது. மெரினாக் கடற்கரைக்கு எதிரே இன்று விவேகானந்தர் இல்லமாக விளங்கும் கட்டடத்தை முதியோர் இன்னமும் 'ஐஸ் ஹவுஸ்' என்றே சொல்வார்கள். ஃபிரெடரிக் டியூடர் என்னும் அமெரிக்க வணிகர் 1842-ஆம் ஆண்டு பனிக்கட்டிகளைச் சேமித்து வைக்க எழுப்பிய கட்டடம் அது. மாசச்சூசெட்ஸ் மாநிலத்துக் குளங்கள் குளிர்காலத்தில் உறையும்போது, அந்தப் பனியைப் பாளம் பாளமாக அறுத்து, மரத்தூளில் பொதிந்து, கப்பலேற்றிக் கொணர்ந்து விற்றார் அவர்.

1846-47 குளிர்காலத்தில் டியூடரின் ஆட்கள் கான்கார்டு என்னும் சிற்றூரை அடுத்த வால்டன் குளத்தில் பனி அறுத்தார்கள். அக்குளக்கரையில் தம் கையாலேயே கட்டிய குடிலில் ஹென்றி டேவிட் தோரோ அப்போது வாழ்ந்து வந்தார். அவர் விரும்பிப் படித்த நூல்களுள் ஒன்று பகவத்கீதை. வெயிலில் வாடும் சென்னை மக்கள் தம் குளத்து நீரைப் பருகுவதாகவும், தாமோ அவர்கள் நாட்டு ஞானத்தில் நீராடுவதாகவும் கற்பனை செய்து, 1854-இல் வெளிவந்த 'வால்டன்' நூலில் அவர் எழுதினார்.

தோரோவுக்கு ஆசான் போன்றவர் அதே ஊரில் வாழ்ந்த எமர்சன். போதகர் குடும்பத்தில் 1803-இல் பிறந்து, தாமும் போதகராகி, ஆண்டவரின் இராவுணவுச் சடங்கை நடத்த மனம் ஒப்பாமல் 1832-இல் அப்பணியைத் துறந்தவர் அவர். 1836-இல் 'இயற்கை' என்னும் சிறு நூலை வெளியிட்டார். அவரைச் சூழ்ந்து வளர்ந்த சிந்தனையை 'டிரான்சென்டெண்டலிசம்' என்பார்கள். புலன்களுக்கு அப்பாற்பட்ட மெய்யை ஆன்மா தானே நேராக அறியும் என்பதனால், 'கடந்தநிலைக் கொள்கை' என்று நாம் தமிழில் சொல்லலாம்.

அக்கொள்கையின் சாரம் இது: ஒவ்வோர் ஆன்மாவும் பேரான்மாவின் பங்கு. உள்ளத்தின் குரலை நம்பினால் போதும். வழிகாட்ட வேறு அதிகாரம் வேண்டியதில்லை. மனிதனைக் கெடுப்பவை சமூகமும் பழக்கமுமே. தீமை என்பது தனிப்பொருள் அன்று. வெப்பம் இல்லாமையே குளிர் என்பது போல், நன்மை இல்லாமையே தீமை.

இவர்களை நாம் எளிதாகப் பழித்துவிடலாகாது. மனித இயல்பு முற்றிலும் அழுகிப்போனது, பெரும்பாலோர் நரகத்துக்கென்றே முன்குறிக்கப்பட்டவர்கள் என்று கடுமையாகப் போதித்த பியூரிட்டன் மரபில் வந்தவர்களின் பேரப்பிள்ளைகள் இவர்கள். இருண்ட அறையில் நெடுங்காலம் அடைபட்டிருந்தவன் கதவைத் திறந்துகொண்டு வெயிலுக்கு ஓடிவருவது இயல்பே. அந்த ஓட்டத்தில் நற்கனிகளும் விளைந்தன. கறுப்பின மக்களின் அடிமைத்தனத்தை இவர்கள் எதிர்த்தார்கள். அடிமை முறைக்குத் துணைபோகும் அரசுக்கு வரி கொடுக்க மறுத்து 1846-இல் தோரோ ஓர் இரவு சிறையில் இருந்தார். அதையொட்டி அவர் எழுதிய கட்டுரை பிற்காலத்தில் காந்தியடிகளுக்கு ஊக்கமளித்தது.

அப்படியிருக்க, அதே காலத்தில் அதே மண்ணில் வாழ்ந்த ஹாதார்னும் மெல்வில்லும் எட்கர் ஆலன் போவும் ஏன் உடன்படவில்லை? இவர்களை 'இருண்ட புனைவியலார்' என்று பிற்கால ஆய்வாளர்களே அழைத்தார்கள்; தமக்கென்று அவர்கள் ஒரு கட்சி கட்டிக்கொள்ளவில்லை. பகையாலும் மறுக்கவில்லை. 1842-இல் மணம் முடித்த நத்தானியேல் ஹாதார்ன் கான்கார்டில் குடிபுகுந்த வீடு, எமர்சன் 'இயற்கை' நூலை எழுதிய அதே குடும்ப வீடு. புதுமணத் தம்பதியருக்காக முன்னதாகவே வந்து காய்கறித் தோட்டம் போட்டுக் கொடுத்தவர் தோரோ. அண்டை வீட்டாராக, ஒருவர் தோட்டத்துக் காயை மற்றவர் உண்டு வாழ்ந்தவர்களிடையே எழுந்த கருத்து வேற்றுமை இது.

முதற்காரணம், ஹாதார்ன் தம் குடும்பத்தின் வரலாற்றை மறக்கவில்லை. அவர் பிறந்த ஊரின் பெயர் சேலம். நம் சேலம் அன்று, மாசச்சூசெட்ஸ் மாநிலத்துச் சேலம். 1692-இல் அங்கு சூனியக்காரர்கள் என்று குற்றஞ்சாட்டப்பட்டு 19 பேர் தூக்கிலிடப்பட்டார்கள்; ஒருவர் கற்பாரம் ஏற்றி நசுக்கிக் கொல்லப்பட்டார். அந்த வழக்குகளில் நீதிபதியாய் அமர்ந்தவர்களுள் ஒருவர் ஹாதார்னின் முப்பாட்டனார் தலைமுறையைச் சேர்ந்த முன்னோர். அந்நீதிபதிகள் குடிகாரர்களோ கொள்ளைக்காரர்களோ அல்லர். செபிப்பவர்கள், மறைநூல் வாசிப்பவர்கள், தம் உள்ளத்தின் குரல் கடவுளின் குரலே என்று உறுதியாய் நம்பியவர்கள். உள்ளத்தின் குரலை நம்பினால் போதும் என்று எமர்சன் சொன்னபோது, சேலத்துத் தூக்குமரம் ஹாதார்னின் நினைவுக்கு வந்திருக்காதா?

இரண்டாம் காரணம் பட்டறிவு. 1841-இல் பாஸ்டன் நகரை அடுத்து 'புரூக் பண்ணை' என்னும் கூட்டுவாழ்வுக் குடியிருப்பைக் கடந்தநிலைக் கொள்கையினர் சிலர் தொடங்கினார்கள். எல்லாரும் நிலத்தில் உழைப்பது, எல்லாரும் கல்வி கற்பது, சுரண்டலற்ற புதுச் சமுதாயம் சமைப்பது என்பது நோக்கம். ஹாதார்னும் பணம் போட்டுச் சேர்ந்தார். சில மாதங்கள் எரு அள்ளினார், எழுதுவதற்கு வலிமை மிஞ்சவில்லை, அவ்வாண்டே வெளியேறினார். பண்ணையும் 1847-இல் முடிவுக்கு வந்தது. அமைப்பை மாற்றினாலும் உள்ளே நுழையும் மனிதன் தன் ஆசையையும் பொறாமையையும் கூடவே எடுத்துக்கொண்டுதான் நுழைகிறான். இதை அவர் 1852-இல் எழுதிய நாவலில் காட்டினார்.

ஆயினும் அவருடைய மறுப்பை மிகத் தெளிவாகச் சொல்வது 1843-இல் வெளிவந்த 'விண்ணக இரயில் பாதை' என்னும் சிறுகதை. ஜான் பனியன் எழுதிய 'மோட்சப் பிரயாணம்' நம்மில் பலருக்குத் தெரியும். அதைத் தழுவியே எச். ஏ. கிருஷ்ணப் பிள்ளை 1894-இல் 'இரட்சணிய யாத்திரிகம்' என்னும் காப்பியத்தைத் தமிழுக்குத் தந்தார். பனியனின் கதையில் பயணி தன் பாவச்சுமையை முதுகில் சுமந்து நடக்கிறான். சிலுவையடியில் அது கழன்று விழுகிறது. ஹாதார்னின் கதையிலோ காலம் முன்னேறிவிட்டது. விண்ணகத்துக்கு இரயில் விட்டிருக்கிறார்கள். எவரும் நடக்க வேண்டியதில்லை. சுமையைச் சுமக்கவும் வேண்டியதில்லை. சாமான் பெட்டியில் ஏற்றிவிடலாம். போய்ச் சேர்ந்ததும் உரியவரிடம் திருப்பித் தருவார்கள்! எதற்கும் சமாதானம் சொல்லும் கனவான் ஒருவர் வழித்துணையாக வருகிறார். வழியில் கடந்தநிலைக் கொள்கை என்னும் பெயருடைய அரக்கன் ஒருவன், மூடுபனிக் குவியல் போல் உருவம் தெளியாமல் நின்று, எவருக்கும் விளங்காத மொழியில் கூச்சலிடுகிறான். இறுதியில் ஆற்றைக் கடக்கும் படகில் ஏறும்போது அந்த வழித்துணைவர் மட்டும் கரையிலேயே நின்று நகைக்கிறார். அவர் மூக்கிலிருந்து புகை வருகிறது. நடுங்கி விழித்தெழும் பயணி, எல்லாம் கனவே என்று கடவுளுக்கு நன்றி சொல்கிறான்.

நாள்தோறும் கடற்கரைக்கும் தாம்பரத்துக்கும் மின்சார இரயிலில் சென்று வரும் நமக்கு இந்தக் கதை எளிதில் விளங்கும். மூட்டையை மேல்தட்டில் வைத்துவிட்டதால் மூட்டை இல்லாமற்போய்விடுவதில்லை. பாவம் இல்லை என்று சொல்லிவிட்டால் பாவம் இறக்கப்படுவதில்லை; கண்ணுக்கு மறைவான பெட்டியில் நம்மோடேயே பயணம் செய்கிறது. இக்கதையின் கருத்து இதுவே.

மூன்றாம் காரணத்தைக் காட்டுபவர் எட்கர் ஆலன் போ. அவர் சமயம் போதிக்க வந்தவர் அல்லர். மனத்தின் இருட்டறைகளை விளக்கேற்றிப் பார்த்தவர். தந்தையார் குறிப்பிட்ட 'கறுப்புப் பூனை' 1843-இல் வெளிவந்த அவருடைய கதை. அதில் வருபவன், தன்னிடம் அன்பு காட்டிய பூனையை, அது பாவம் என்று அறிந்தே, கண்ணீர் விட்டுக்கொண்டே கொல்கிறான். தீமையைத் தீமை என்று அறியாததால் மனிதன் தவறுகிறான், அறிவூட்டினால் திருந்திவிடுவான் என்னும் நம்பிக்கையை இக்கதை உடைக்கிறது. தீமை என்று தெரிந்ததனாலேயே அதைச் செய்யத் தூண்டும் ஒரு கோணல் மனத்துக்குள் இருக்கிறது என்கிறார் போ.

கத்தோலிக்கருக்கு இது புதிதன்று. புனித அகுஸ்தினார் தம் 'பாவ அறிக்கை' நூலில், பதினாறு வயதில் நண்பர்களோடு இரவில் பேரிக்காய் திருடியதை நினைந்து வருந்துகிறார். பசிக்காகத் திருடவில்லை; பெரும்பாலானவற்றைப் பன்றிகளுக்கு எறிந்தார்கள். விலக்கப்பட்டதைச் செய்யும் சுவைக்காகவே திருடினார்கள். தீமை தனிப்பொருள் அன்று, நன்மையின் குறைவே என்று கற்பித்தவரும் இதே அகுஸ்தினார்தாம். ஆனால் பார்வையின் குறைவே குருடு என்பதால், குருடு பொய்யாகிவிடுமா? குறைவு உண்மையான குறைவு. அதற்கு மருத்துவர் தேவை. எமர்சன் இரண்டாம் பாதியை விட்டுவிட்டார்.

நான்காவது, தன்னையே நம்பும் தன்மை எங்கே கொண்டுபோய்விடும் என்பதை ஹெர்மன் மெல்வில் காட்டினார். 1851-இல் வெளிவந்து ஹாதார்னுக்குக் காணிக்கையாக்கப்பட்ட 'மோபி டிக்' நாவலில், தன் காலைக் கடித்த வெள்ளைத் திமிங்கலத்தைப் பழிவாங்க ஆகாப் என்னும் கப்பல் தலைவன் புறப்படுகிறான். அவனுக்கு உறுதி இருக்கிறது, துணிவு இருக்கிறது, எவருக்கும் அஞ்சாத தன்னம்பிக்கை இருக்கிறது. இல்லாதது ஒன்றே: தான் தவறக்கூடும் என்னும் எண்ணம். முடிவில் கப்பல் மூழ்குகிறது. தப்பிப் பிழைத்துக் கதை சொல்பவன் ஒருவனே. ஹாதார்னின் எழுத்தில் உள்ள இருளுக்குப் பிறவிப் பாவத்தைப் பற்றிய பழைய உணர்வே வேர் என்றும், ஆழ்ந்து சிந்திக்கும் எவரும் அவ்வுணர்விலிருந்து முற்றிலும் தப்ப முடியாது என்றும் மெல்வில் 1850-இல் எழுதியிருந்தார்.

இதே வினா, வேறு உருவத்தில், நம் தாம்பரத்துக்கும் வந்து சேர்ந்தது. 1937-இல் சென்னை கிறித்தவக் கல்லூரி நகரின் நடுவிலிருந்து தாம்பரத்துக் காட்டுப்பகுதிக்கு இடம்பெயர்ந்தது. மறு ஆண்டு டிசம்பரில் அவ்வளாகத்தில் புராட்டஸ்டண்டு சபையாரின் அனைத்துலக மறைபரப்புப் பேரவை கூடியது. கத்தோலிக்கர் அதில் பங்கு கொள்ளவில்லை. ஆயினும் உலகின் பல நாடுகளிலிருந்து வந்தோர் நம் ஊரில் தங்கி விவாதித்த செய்தி நம் சிந்தனைக்கும் உரியதே.

ஹாலந்து நாட்டு அறிஞர் ஹென்ரிக் கிரேமர் அக்கூட்டத்துக்கென்றே ஒரு பெருநூல் எழுதியிருந்தார். மனிதன் தன் தேடலால் கடவுளை எட்டிவிட முடியாது. அவனது மிக உயர்ந்த சமய முயற்சியிலும் பாவத்தின் கறை படிந்திருக்கிறது. கடவுளே கிறிஸ்துவில் இறங்கி வந்தாலன்றி வழியில்லை என்பது அவர் வாதம். கல்லூரியின் முதல்வராயிருந்த ஏ. ஜி. ஹாக் அதை அப்படியே ஏற்கவில்லை. பிற சமயத்தாரோடு நெடுங்காலம் பழகிய அவர், அவர்களுடைய உண்மையான பக்தியில் கடவுள் பேசுவதைத் தாம் கண்டதாகக் கருதினார். செஞ்சையா, சக்கரை முதலிய இந்தியக் கிறிஸ்தவச் சிந்தனையாளரும் கிரேமரின் கோட்டை ஏற்க மறுத்தார்கள். ஐரோப்பாவில் போர்மேகம் சூழ்ந்திருந்த நேரம் அது. அடுத்த ஆண்டே உலகப்போர் மூண்டது. மனித இயல்பைப் பற்றிய இனிய கனவுகளை அந்தப் போர் எப்படிக் கலைத்தது என்பதை நாம் விவரிக்க வேண்டியதில்லை.

இனி, மகளின் வினாவுக்கு வருவோம். திருச்சபை எந்தப் பக்கம்?

நல்ல சமாரியர் உவமையில், எருசலேமிலிருந்து எரிகோவுக்குச் சென்ற ஒருவனைக் கள்வர் அடித்துக் குற்றுயிராய் விட்டுப் போனார்கள். திருச்சபைத் தந்தையர் பலர் அவனிடம் மனித குலத்தையே கண்டார்கள். கடந்தநிலைக் கொள்கையினர் அவனைப் பார்த்து, 'உனக்கு ஒன்றுமில்லை, உன் உள்வலிமையை நம்பி எழுந்து நட' என்கிறார்கள். பழைய பியூரிட்டன் போதகர் அவனைப் பார்த்து, 'இவனில் உயிர் ஏதுமில்லை' என்கிறார். திருச்சபையோ, 'காயம் பட்டிருக்கிறான், உயிர் இருக்கிறது, எண்ணெயும் இரசமும் கொண்டு வாருங்கள்' என்கிறது.

1546-இல் திரிதெந்துத் திருச்சங்கம் பிறவிப் பாவத்தைப் பற்றிக் கற்பித்தது இதுவே. ஆதிப் பெற்றோரின் வீழ்ச்சியால் மனித இயல்பு காயமுற்றது. திருமுழுக்கு அப்பாவத்தைப் போக்குகிறது. ஆயினும் தீமைக்குச் சாயும் நாட்டம் நம்மில் எஞ்சி நிற்கிறது. அதனோடு நாம் வாழ்நாள் முழுவதும் போராட வேண்டும். இயல்பு காயமுற்றதேயன்றி முற்றும் அழிந்துவிடவில்லை. மனிதன் தன்னுள்ளேயே பிளவுண்டு கிடக்கிறான் என்று இரண்டாம் வத்திக்கான் திருச்சங்கமும் 1965-இல் எடுத்துரைத்தது. அதே திருச்சங்கம், பிற சமயங்களில் உள்ள உண்மையும் தூய்மையுமான எதையும் திருச்சபை புறக்கணிப்பதில்லை என்றும் கற்பித்தது. காயத்தையும் மறைக்கவில்லை, உயிரையும் மறுக்கவில்லை.

இது வெறும் கோட்பாடு அன்று. நாம் நன்கறிந்த ஒரு நிகழ்ச்சியைச் சொல்கிறோம், பெயர்கள் வேண்டா.

நம் புறநகர்த் தெருவொன்றில் ஒரு பக்தியுள்ள குடும்பம். தாய் தெருப் பெண்களிடம் மாதச் சீட்டுப் பிடித்து வந்தார். ஒருநாள் அலமாரியில் வைத்திருந்த சீட்டுப் பணத்தில் ஒரு பகுதி குறைந்தது. வீட்டில் இருந்தவர்கள் பாலிடெக்னிக்கில் படிக்கும் மகனும், பாத்திரம் துலக்க வரும் பெண்ணும். "என் பிள்ளை பீடப் பணிவிடைச் சிறுவனாய் வளர்ந்தவன், அவன் தொடமாட்டான்" என்று தாய்க்கு ஐயமே எழவில்லை. மகன் தொடமாட்டான் என்றால் தொட்டது யார்? அந்தப் பெண் தெருவில் நாலு பேர் எதிரே திருடி என்று ஏசப்பட்டு, அந்த மாதக் கூலியும் பெறாமல் வெளியேறினாள். அவளுடைய பிள்ளைகள் இருவரும் அருகில் நின்றுகொண்டிருந்தார்கள்.

அடுத்த தவக்காலத்தில் பங்கில் மூன்று நாள் தியானம் நடந்தது. மூன்றாம் நாள் இரவு மகன் உணவைத் தொடாமல் உட்கார்ந்திருந்தான். பிறகு தானாகவே தாயிடம் சொன்னான்: இரவல் வாங்கிய மோட்டார் சைக்கிளை நண்பர்களோடு ஓட்டிச் சேதப்படுத்தியதும், அதை ஈடுகட்டப் பணத்தை எடுத்ததும், அந்தப் பெண் ஏசப்பட்டபோது உள்ளறையில் வாய் மூடி நின்றதும். தாயும் மகனும் மறுநாள் அவள் குடிசையைத் தேடிச் சென்றார்கள். கூலிப் பாக்கியையும் கூடுதலாகக் கொஞ்சம் பணத்தையும் நீட்டினார்கள். அவள் கூலியை மட்டும் எண்ணி எடுத்துக்கொண்டாள். "பணம் கிடக்கட்டும்மா. என் பிள்ளைங்க எதிரிலே திருடின்னு சொன்னீங்களே, அதை எப்படித் திருப்பி எடுப்பீங்க?" என்றாள்.

தாயிடம் விடை இல்லை. ஆனால் அன்று மாலை, எந்தத் தெருவில் ஏசினாரோ அதே தெருவில், அதே பெண்கள் நடுவே நின்று, எடுத்தவன் தம் மகனே என்று அவர் சொன்னார். சீட்டுச் சேர்ந்தவர்களில் இருவர் அத்துடன் விலகிக்கொண்டார்கள். அந்த வேலைக்காரப் பெண்ணும் அவர் வீட்டுக்குத் திரும்பவில்லை. எனினும் அவளுடைய நற்பெயர் அவளுக்குத் திரும்பியது.

இதில் நாம் காண்பது என்ன? 'என் பிள்ளையில் தீமை இல்லை' என்று நம்பிய அன்பு, தீமையை இல்லாமற் செய்துவிடவில்லை. அதை அடுத்தவள் தலையில் ஏற்றிவிட்டது. அவளுக்கோ அதை மறுக்கச் செல்வாக்கு இல்லை. சேலத்து நீதிபதிகள் செய்ததும் இதையேயன்றோ? தன்னிடம் பாவம் இல்லை என்பவனுக்கு, உலகில் காணும் பாவத்தை வைக்க வேறொருவன் தேவைப்படுகிறான்; பெரும்பாலும் அந்த வேறொருவன் ஏழையாகவே இருக்கிறான்.

மறுபக்கத்து ஆபத்தையும் சொல்லாவிட்டால் நம் கடமை முடியாது. பிள்ளை சிறு தவறு செய்தாலும் 'நீ உருப்படமாட்டாய், உன் இரத்தமே அப்படி' என்று சபிக்கும் பெற்றோரும் நம்மிடையே உண்டு. இதையும் ஹாதார்ன் எச்சரித்திருக்கிறார். காட்டுக்குள் சாத்தானைச் சந்திக்கப் போனவனின் கதை, 1835-இல் அவர் எழுதியது. ஊரிலுள்ள பக்திமான்கள் யாவரும், தன் இளம் மனைவியும், அந்த இருட்டுக் கூட்டத்தில் நிற்பதை அவன் காண்கிறான். அது கனவோ நனவோ தெரியவில்லை. மறுநாளிலிருந்து அவன் எவரையும் நம்பவில்லை, எவரையும் மனமார நேசிக்கவில்லை. துயரத்திலேயே வாழ்ந்து துயரத்திலேயே மடிகிறான். பாவத்தை அறிந்து இரக்கத்தை அறியாதவனின் கதி அது.

பாவம் உண்டு என்று கண்டவர்கள், அதை இறக்கி வைக்க இடம் அறிந்தார்களா? ஹாதார்ன் அந்த வாயில்வரை வந்தார் என்றே நமக்குத் தோன்றுகிறது. இத்தாலியில் தங்கிய பின் 1860-இல் அவர் வெளியிட்ட நாவலில், ஹில்டா என்னும் புராட்டஸ்டண்டுப் பெண் தான் கண்ணால் கண்ட ஒரு கொலையின் இரகசியத்தைத் தாங்க இயலாமல், உரோமையில் புனித பேதுரு பேராலயத்துக்குள் சென்று, பாவசங்கீர்த்தனத் தொட்டியில் மண்டியிட்டுச் சொல்லிவிட்டு, நெஞ்சு இலேசாகி எழுகிறாள். அதை எழுதியவர் கத்தோலிக்கர் ஆகவில்லை. ஆனால் அவருடைய இளைய மகள் ரோஸ் 1891-இல் திருச்சபையில் சேர்ந்தார். நியூயார்க்கில் புற்றுநோயால் சாகும் தறுவாயில் கைவிடப்பட்ட ஏழைகளுக்கு 1896 முதல் பணி செய்தார். தொமினிக்கன் துறவியாகி அன்னை அல்போன்சா என்னும் பெயரோடு ஒரு சபையையே நிறுவி 1926-இல் இறைவனடி சேர்ந்தார். 2024-இல் திருச்சபை அவரை வணக்கத்திற்குரியவர் என்று அறிவித்தது.

ஹாதார்ன் இங்கிலாந்தில் தூதரக அலுவலராய் இருந்த காலத்தில் ஓர் ஏழையர் விடுதியைப் பார்க்கப் போனார். அருவருக்கத்தக்க நோயுற்ற குழந்தையொன்று தன்னைத் தூக்கச் சொல்லி அவர்முன் வந்து நின்றது. கூச்சமும் தயக்கமும் மிகுந்த அம்மனிதர் அதைத் தூக்கி அணைத்துக்கொண்டார். இதைத் தந்தையின் எழுத்திலிருந்து அறிந்த மகள் வாழ்நாள் முழுவதும் போற்றினார். மனிதன் காயமுற்றவன் என்று அறிந்தவரே காயமுற்ற குழந்தையைத் தூக்கினார். அவர் மகள் அதையே தம் வாழ்வாக்கினார்.

நம் இரயில் தாம்பரத்தை அடையுமுன் நிற்கும் நிலையத்தின் பெயரை எண்ணிப் பாருங்கள். காசநோய்க்கு ஏற்ற மருந்து கிடையாத 1928-இல் மருத்துவர் சௌரிமுத்து தொடங்கி, பின்னர் அரசு ஏற்று நடத்திவரும் மருத்துவமனையால், 'தாம்பரம் சானடோரியம்' என்று அது பெயர் பெற்றது. நோய் இல்லை என்று சொல்லி எவரும் அங்கே நலம் பெற்றதில்லை. நோயைச் சொல்லியவர்களுக்கே அங்கு படுக்கை கிடைத்தது.

ஆகவே, மகளே, நாம் நிற்கும் இடம் சமாரியர் குனிந்து நிற்கும் அந்தப் பாதையோரம். எமர்சனிடமிருந்து மனிதனின் மாண்பைக் கற்றுக்கொள். ஹாதார்னிடமிருந்து அவன் காயத்தைக் கற்றுக்கொள். இரண்டையும் எடுத்துக்கொண்டு நற்கருணைப் பேழையின்முன் வா. தந்தையாருக்கு நாம் சொல்வது: பிள்ளை படிக்கட்டும். இருட்டைக் காட்டும் கதைகள் கெடுப்பதில்லை. இருட்டே இல்லை என்று சொல்லும் இனிய பேச்சே கெடுக்கும்.

வரும் சனிக்கிழமை மாலை வழக்கம்போல் பங்குத்தந்தை பாவசங்கீர்த்தனத் தொட்டியில் அமர்ந்திருப்பார். சாமான் பெட்டியில் மறைத்து வைத்த சுமையை அங்கே இறக்கி வைப்போம். அதற்குப் பின், எவருடைய வீட்டுப் படியை ஏறி மன்னிப்புக் கேட்க வேண்டியிருக்கிறதோ, அந்த வீட்டுக்கும் போய்வருவோம்.